பெற்றது இரண்டு என்றே சொல்லுங்கள்

கேள்வி: டாக்டர், எனக்கு 34 வயது. என் மகன் போன நவம்பரில் டெங்குவில் இறந்துவிட்டான். எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. நாலு நாள் காய்ச்சல். ஐந்தாம் நாள் காலையில் உடம்பு சில்லென்று இருந்தது. காய்ச்சல் விட்டுவிட்டது என்று சந்தோஷப்பட்டு இரண்டு இட்லி ஊட்டினேன். சாயங்காலம் வயிறு வலிக்கிறது என்றான், வாந்தி எடுத்தான், சோர்ந்து படுத்தே கிடந்தான். நாலு நாள் சாப்பிடாத உடம்பு, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டேன். மறுநாள் காலை ஆஸ்பத்திரி, அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரி, இரண்டாம் நாள் ராத்திரி எல்லாம் முடிந்துவிட்டது. அந்த ஒரு ராத்திரியை வீணாக்காமல் இருந்திருந்தால் என்று தினமும் நினைக்கிறேன்.

கணவர் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். பதினோராம் நாளே கடையைத் திறந்துவிட்டார். என் எதிரில் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை. மாமியார் அவனுடைய துணி, சைக்கிள், புத்தகப் பை எல்லாவற்றையும் யாருக்கோ கொடுத்துவிட்டார், கண்ணில் படாமல் இருந்தால்தான் நான் மறப்பேனாம். ஒரே ஒரு பனியனை மட்டும் துவைக்காமல் பீரோவில் ஒளித்து வைத்திருக்கிறேன். நாலரை வயது மகள் 'அண்ணன் எப்ப வருவான்' என்கிறாள், ஊருக்குப் போயிருக்கிறான் என்று பாட்டி சொல்லி வைத்திருக்கிறார். நாலேகாலுக்கு ஸ்கூல் வேன் ஹாரன் கேட்டதும் 'அம்மா' என்று அவன் கூப்பிடுவது என் காதில் விழுகிறது. எனக்குப் பைத்தியம் பிடிக்கிறதா? ரேஷன் கார்டில் பெயரை எடுக்கச் சொன்ன அன்று கடை வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன். கோயிலில் ஒரு அம்மா 'எத்தனை குழந்தைங்க' என்று கேட்டார், பதில் வரவில்லை. இன்னொன்று பெற்றுக்கொள் என்கிறார்கள், எனக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் ஆகிவிட்டது. அடுத்த மாதம் ஒரு வருடம் ஆகிறது, சின்னப் பிள்ளைக்குத் திதி எல்லாம் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். அவன் டிராயிங் நோட்டு பள்ளியிலேயே இருப்பதாக டீச்சர் போன் செய்தார், போகத் தைரியம் இல்லை. சில நாள் நானும் அவனிடமே போய்விட்டால் என்ன என்று தோன்றுகிறது. இதிலிருந்து எப்படி வெளியே வருவது?

ஒரு தாய், தென்காசி மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தின் கடைசியில் இருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. 'அவனிடமே போய்விட்டால் என்ன' என்று, பிள்ளையைப் பறிகொடுத்த அம்மாக்கள் என் எதிரில் உட்கார்ந்து சொல்லாமல் போனது குறைவு. பெரும்பாலும் அதற்குச் சாக வேண்டும் என்று பொருள் இல்லை, அவனைப் பார்க்க வேண்டும், இன்னொரு தரம் தூக்க வேண்டும் என்பதுதான். ஆனால் எல்லா நேரமும் அப்படி இல்லை, அதனால் நேராகவே கேட்கிறேன். ஏக்கமாக வந்து ஏக்கமாகப் போய்விடுகிறதா, அல்லது எப்படி, எப்போது, எதை வைத்து என்று மனம் திட்டம் போடுகிறதா? இரண்டாவது என்றால் மேலே படிக்க வேண்டாம். இப்போதே கணவரிடமோ கூடப்பிறந்தவர்களிடமோ அதை வாய்விட்டுச் சொல்லுங்கள், 14416க்குப் போன் போடுங்கள். அது டெலி மானஸ், மத்திய அரசு 2022 அக்டோபரில் ஆரம்பித்த இலவச மனநல உதவி எண், ராத்திரி இரண்டு மணிக்குக் கூப்பிட்டாலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். வீட்டில் தூக்க மாத்திரை, பூச்சி மருந்து மாதிரி ஏதாவது இருந்தால் அதை வேறு யாராவது எடுத்துக்கொண்டு போய்விடட்டும். இதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை.

சரி, திட்டம் எதுவும் இல்லை, ஏக்கம்தான் என்று வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன்.

அந்த ஒரு ராத்திரி. 'விதி', 'அவனுக்கு ஆயுசு அவ்வளவுதான்' என்று இந்தப் பதினொரு மாதத்தில் நூறு பேர் சொல்லியிருப்பார்கள், ஒன்றும் உள்ளே இறங்கியிருக்காது. நீங்கள் கேட்டது மருத்துவக் கேள்வி, அவர்கள் சொன்னது வேதாந்தப் பதில். நானும் மனநலத்துக்கு வருவதற்கு முன்னால் குழந்தைகள் வார்டில் ராத்திரி டியூட்டி பார்த்தவள்தான், அதனால் கேட்ட கேள்விக்கே பதில் சொல்கிறேன். மற்ற காய்ச்சலில் எல்லாம் உடம்பு சில்லென்று ஆனால் பிள்ளை தேறிவிட்டது என்று அர்த்தம். உங்கள் அம்மா, அவருடைய அம்மா எல்லோரும் நெற்றியில் கை வைத்துப் பார்த்துக் கற்றுக்கொண்டது அதைத்தான். டெங்கு அதைத் தலைகீழாகப் புரட்டிப் போடுகிற நோய். மூன்றாம் நாளில் இருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்குகிற நேரத்தில்தான் சிலருக்குச் சின்ன ரத்தக் குழாய்கள் கசிய ஆரம்பிக்கும், ரத்தத்தில் உள்ள நீர் வெளியே போய்விடும், கை கால் குளிர்ந்துபோகும். அடுத்த ஒன்றிரண்டு நாள்தான் கண்டம். இதை மருத்துவ மாணவர்களுக்கே தனியாக அடித்துச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பார்த்தால் பிள்ளை தேறுவது மாதிரியேதான் இருக்கும். மருத்துவம் படிக்காத ஒரு அம்மா அன்று காலை சந்தோஷப்பட்டு இட்லி ஊட்டியதை அலட்சியம் என்று நான் எந்த நாளும் சொல்ல மாட்டேன்.

முதல் நாள் சாயங்காலமே போயிருந்தால் பிழைத்திருப்பானா? பிழைத்திருக்கலாம். 'எப்படிப் பார்த்தாலும் போயிருப்பான்' என்று பொய் சொல்லி உங்களைத் தேற்ற எனக்கு மனம் வரவில்லை, அந்த ஆறுதல் ஒரு வாரம்கூடத் தாங்காது. முன்கூட்டியே கொண்டுவந்தும் கைவிட்டுப்போன பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன், பிந்தி வந்து பிழைத்து ஓடிய பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன். இன்று உங்களுக்குத் தெரிவது அன்று தெரியாது, அவ்வளவுதான். இன்றைய அறிவை எடுத்துக்கொண்டு போய் அன்றைய ராத்திரியில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணைக் கூண்டில் ஏற்றி விசாரிக்கிறீர்கள், அவள் தரப்பில் பேச ஒரு ஆளில்லை. இன்னொன்றும் உண்டு. 'நான்தான் காரணம்' என்று நினைக்கும்போது ஏதோ ஒரு காரணமாவது கையில் இருக்கிறது. ஒரு கொசு கடித்து எட்டு வயதுப் பிள்ளை போய்விட்டான் என்பதை அப்படியே ஏற்றுக்கொள்வது அதைவிடக் கொடுமை, அதனால்தான் மனம் பழியை விடாமல் பிடித்துக்கொள்கிறது. ஒன்று செய்யுங்கள், அவனைக் கடைசியாகப் பார்த்த குழந்தைகள் மருத்துவரிடம் நேரம் கேட்டு, கணவரையும் அழைத்துக்கொண்டு போய், என்ன நடந்தது என்று முதலில் இருந்து விளக்கச் சொல்லுங்கள். ஒரு வருடம் கழித்துப் போய்க் கேட்பதில் தப்பே இல்லை. சண்டைக்கு வந்திருக்கிறார்களோ என்று அவர் முதலில் பயப்படுவார், இல்லை, தெரிந்துகொள்ளத்தான் என்று நீங்களே முந்திச் சொல்லிவிடுங்கள்.

(இதைப் படிக்கிற மற்ற அம்மா அப்பாக்களுக்கு: மழைக்காலம் வந்துவிட்டது. காய்ச்சல் விட்ட பிள்ளை வயிறு வலிக்கிறது என்றால், வாந்தி நிற்கவில்லை என்றால், பல் ஈறிலோ மூக்கிலோ ரத்தம் கசிந்தால், துவண்டு படுத்தால், கை கால் ஜில்லிட்டால், விடியட்டும் என்று இருக்காதீர்கள். ராத்திரியே கிளம்புங்கள்.)

காதில் விழுகிற குரல். பைத்தியம் இல்லை. 1971ல் வேல்ஸ் நாட்டில் ட்யூவி ரீஸ் என்ற மருத்துவர், கணவனையோ மனைவியையோ இழந்த 293 பேரிடம் பொறுமையாக உட்கார்ந்து விசாரித்தார். கிட்டத்தட்ட பாதிப் பேர், இறந்தவர் பக்கத்தில் இருக்கிற மாதிரி இருக்கிறது, குரல் கேட்கிறது, சிலர் பார்த்தேன் என்றுகூடச் சொன்னார்கள். அதில் பெரும்பாலானவர்கள் அதற்கு முன் யாரிடமும் சொன்னதே இல்லை, உங்கள் மாதிரியே பயந்து. எட்டு வருடம் உங்கள் காதுக்கு ஒரே வேலை, அவன் குரலுக்குத் திரும்புவது. நாலேகாலுக்கு ஹாரன் அடித்தால் அது பழைய வேலையைச் செய்கிறது. அவன் உங்களைத் திட்டுகிற மாதிரியோ, இப்படிச் செய் அப்படிச் செய் என்று கட்டளை போடுகிற மாதிரியோ கேட்க ஆரம்பித்தால் மட்டும் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள்.

இப்போது ரேஷன் கடைக்கும் கோயிலுக்கும் வருகிறேன். உங்கள் கடிதத்திலேயே என்னைப் பிடித்து நிறுத்தியது அந்த இரண்டு இடமும்தான்.

என் அம்மாவைப் பெற்ற ஆச்சியிடம் எத்தனை பிள்ளைகள் என்று யார் கேட்டாலும், ஒரே மூச்சில் 'பெத்தது எட்டு, தங்குனது அஞ்சு' என்பாள். சின்ன வயதில் எனக்கு அது ஏதோ விடுகதை மாதிரி இருந்தது. அந்தக் காலத்தில் அம்மையும் காலராவும் வயிற்றுப்போக்கும் வாரிக்கொண்டு போன பிள்ளைகள் வீட்டுக்கு இரண்டு மூன்று இருந்தார்கள். அந்தக் கிழவிகள் ஒருத்தியும் பதிலை ஐந்தில் ஆரம்பித்ததில்லை, எட்டில்தான் ஆரம்பித்தார்கள். ஆச்சி கடைசியாகப் படுக்கையில் கிடந்தபோது ஒரு மத்தியானம், மூன்றாவதாகப் பிறந்து நாலு வயதில் போன பையனுக்குக் கருப்பட்டிப் பணியாரம் என்றால் உயிர் என்றும், கடைசி நாள் கேட்டபோது மாவு இல்லை என்றும் சொன்னாள். அறுபது வருடத்துக்கு முந்தைய விஷயம். அழவில்லை, சும்மா சொன்னாள். அதற்குள் யாரும் அவளிடம் வந்து 'மறந்துவிடு' என்று சொன்ன மாதிரித் தெரியவில்லை, சொல்லியிருந்தாலும் அவள் காதில் வாங்கியிருக்க மாட்டாள்.

நாம்தான் நடுவில் எங்கேயோ அந்தப் பதிலைத் தொலைத்துவிட்டோம். இப்போது பிள்ளைச் சாவு அபூர்வமாகிவிட்டது, அது நல்லதுதான், ஆனால் அதனாலேயே அதைச் சுற்றிப் பேச்சே இல்லாமல் போய்விட்டது. தாத்தா செத்தால் ஒப்பாரி உண்டு, பதினாறு உண்டு, வருடா வருடம் திதி உண்டு. எட்டு வயதுப் பிள்ளைக்கு அவசரம் அவசரமாக அடக்கம், அப்புறம் 'அவ முன்னால பேசாதீங்க'. பாரம் கூடிய இடத்தில் இறக்கி வைக்கிற திண்ணையை இடித்துவிட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றும்.

அதனால் கோயில் கேள்விக்கு என் பதில்: ரெண்டு. 'ரெண்டு பேரு, பெரியவன் இப்ப இல்ல.' இதை வீட்டில் தனியாக இருக்கும்போது நாலைந்து தடவை சத்தமாகச் சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள், முதல் தடவை தொண்டை அடைக்கும், கேட்டவருக்கும் ஒரு மாதிரி ஆகும், ஆகட்டும். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரருக்கு எல்லாம் விளக்கத் தெம்பு இல்லாத நாளும் வரும், அன்று 'ஒரு பொண்ணு' என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள், அதனால் நீங்கள் அவனைக் காட்டிக்கொடுத்ததாக ஆகாது. ரேஷன் கார்டு அரிசிக்கும் சர்க்கரைக்கும் உள்ள கணக்கு. அதை கணவரோ உங்கள் தம்பியோ போய் முடிக்கட்டும், நீங்கள் அந்த வாசலுக்கு மறுபடி போக வேண்டியதில்லை.

'எப்படி வெளியே வருவது' என்று கேட்டிருக்கிறீர்கள். மனநல மருத்துவத்திலும் ரொம்ப காலம் இப்படி வெளியே வரச் சொல்லித்தான் கொடுத்தார்கள். போனவரிடம் இருந்து மனதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து எடுப்பதுதான் துக்கத்தின் வேலை என்று 1917ல் எழுதியவர் சிக்மண்ட் ஃப்ராய்டு. மூன்றே வருடத்தில், 1920 ஜனவரியில், உலகத்தையே வாட்டிய அந்த இன்ஃப்ளூயன்சா காய்ச்சலில் அவருடைய மகள் சோஃபி 26 வயதில் இறந்துபோனாள். பின்னால் 1929ல், மகனைப் பறிகொடுத்த பின்ஸ்வாங்கர் என்ற மருத்துவ நண்பருக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார், எழுதிய நாள் சோஃபி இருந்திருந்தால் 36 முடிந்திருக்கும் பிறந்த நாள். துக்கத்தின் கடுமை தணியும், ஆனால் ஈடு என்று ஒன்று கிடைக்காது, அந்த இடத்தை எது வந்து நிரப்பினாலும் அது வேறாகவே இருக்கும், அப்படி இருப்பதுதான் சரி என்கிற கருத்தில். வகுப்பில் எனக்குப் பாடமாக வந்தது 1917 ஃப்ராய்டு. கிளினிக்கில் உதவியது 1929 ஃப்ராய்டு. இன்று பிள்ளையை இழந்த பெற்றோருடன் வேலை செய்கிற யாரும் 'மறக்க வைப்பதை' இலக்காக வைத்துக்கொள்வதில்லை. அவனோடு உள்ள பந்தம் இருக்கும், அதன் உருவம் மாறும்.

கணவருக்கு வருகிறேன். பதினோராம் நாள் கடை திறந்தவர் மேல் உங்களுக்கு எவ்வளவு கோபம் என்று அந்த ஒரு வரியில் தெரிகிறது. நெதர்லாந்தில் மார்கரெட் ஸ்ட்ரோப, ஹென்க் ஷூட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1999ல் ஒரு விஷயம் சொன்னார்கள், துக்கத்தில் இருப்பவர் இழப்பின் பக்கம் போவதும், அதைவிட்டு அன்றாட வேலையின் பக்கம் வருவதுமாக ஊசலாடிக்கொண்டே இருப்பார், அந்த ஊசலாட்டம் நின்று ஒரே பக்கம் மாட்டிக்கொண்டால்தான் கஷ்டம் என்று. நான் வீடுகளில் பார்ப்பது என்னவென்றால், கணவன் மனைவி ஆளுக்கொரு பக்கம் மாட்டிக்கொள்கிறார்கள், ஒருத்தி முழு நேரமும் அழ வேண்டியிருக்கிறது, ஒருவர் முழு நேரமும் ஆணி எடை போட வேண்டியிருக்கிறது. அப்புறம், ஒன்றை யோசித்துப் பார்த்தீர்களா? நம் ஊர் வழக்கப்படி உங்களை வாசலோடு நிறுத்தியிருப்பார்கள். அவனைத் தூக்கிக்கொண்டு போனது அவர். குழியில் இறக்கும்போது பக்கத்தில் நின்றது அவர், முதல் பிடி மண் போட்டது அவர். நீங்கள் பார்க்காத ஒன்றைப் பார்த்துவிட்டு வந்து, அதை உங்களிடம் சொல்லக் கூடாது என்று பதினொரு மாதமாக வாயை மூடிக்கொண்டு திரிகிற மனிதராக அவர் இருக்கலாம்.

'ஏன் அழ மாட்டேங்கிறீங்க' என்று கேட்காதீர்கள், அதற்கு எந்த ஆம்பிளையும் பதில் சொன்னதில்லை. பைக்கில் பின்னால் உட்கார்ந்து போகும்போது, முகம் பார்க்காத அந்த வசதியில், 'அன்னிக்கு அங்க என்னாச்சுன்னு எனக்குச் சொல்லுங்க, நான் வரலியே' என்று கேளுங்கள். வண்டியை ஓரம் கட்டுவார், அல்லது கேட்காத மாதிரி ஓட்டுவார். இன்னொரு நாள் கேளுங்கள். கடையில் இருந்து வர பதினொரு மணி ஆகிறதா, குடி ஏதும் சேர்ந்திருக்கிறதா என்பதையும் கவனியுங்கள், ஆண்களின் துக்கம் அந்த வழியாகத்தான் அதிகம் கசிகிறது.

மாமியாரைப் பற்றிக் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். பேரனை இழந்த பாட்டி அவர், ஒரு பக்கம் பேரன், மறுபக்கம் தன் கண் முன்னால் கரைந்துகொண்டிருக்கிற மருமகள். சைக்கிளைக் கொடுத்தது தப்புதான், உங்களைக் கேட்காமல் கொடுத்தது பெரிய தப்பு. ஆனாலும் ஒரு நாள் 'அத்தை, சைக்கிளை யார்கிட்ட கொடுத்தீங்க' என்று கோபம் இல்லாமல் கேட்டுப் பாருங்கள். இந்த மாதிரி வீடுகளில் பாட்டியின் டிரங்குப் பெட்டிக்குள்ளும் ஒரு டவுசரோ பள்ளி பெல்ட்டோ வெளியே வந்ததை நான் ஒன்றுக்கு இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். பனியனைத் துவைக்க வேண்டாம். ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவரில் போட்டு மூடி வையுங்கள், வாசனை இன்னும் கொஞ்ச நாள் தங்கும். ஒளிக்காமல் வையுங்கள், அது திருட்டுப் பொருள் இல்லை.

மகளிடம் உண்மையைச் சொல்ல வேண்டும், இதில் மட்டும் நான் கறாராகவே இருப்பேன். நாலரை வயதில் சாவு என்றால் போய்விட்டுத் திரும்பி வருகிற விஷயம் என்றுதான் புரியும், திரும்பவே முடியாது என்பது பொதுவாக ஐந்து, ஆறு, ஏழு வயதில்தான் பிடிபடும். அதனால் அவள் திரும்பத் திரும்பக் கேட்பது உங்களைக் குத்துவதற்காக இல்லை. ஊருக்குப் போயிருக்கிறான் என்றால், சொல்லாமல் ஊருக்குப் போகிற அண்ணன் ஏன் தன்னை விட்டுவிட்டுப் போனான் என்று நினைப்பாள், நாளைக்கு நீங்கள் திருநெல்வேலிக்கு பஸ் ஏறினாலே அலறுவாள். தூங்குகிறான் என்றால் தூங்கப் பயப்படுவாள். சாமி கூப்பிட்டுக்கொண்டார் என்றால் சாமி மேல் பயம். 'அண்ணன் செத்துப்போயிட்டான். டெங்குங்கிற பெரிய காய்ச்சல் வந்து அவன் உடம்பு வேலை செய்யறது நின்னுபோச்சு. செத்துப்போனவங்க திரும்ப வர முடியாது. அம்மாவுக்கு அழுகை வருது, உனக்கும் வரலாம்.' இவ்வளவுதான், இதே வார்த்தைகளை ஐம்பது தடவை சொல்ல வேண்டியிருக்கும். அண்ணனோடு சண்டை போட்டு 'நீ போ' என்று எப்போதாவது சொல்லியிருப்பாள், தான் சொன்னதால்தான் போனான் என்று இந்த வயதுப் பிள்ளைகள் சத்தமில்லாமல் நம்பிக்கொண்டிருப்பார்கள், நீ சொன்னதால், நினைத்ததால், அடித்ததால் எதுவும் நடக்கவில்லை என்று கேட்காமலே சொல்லிவிடுங்கள். தனக்குக் காய்ச்சல் வந்தாலும் இப்படி ஆகுமா என்று கேட்டால், நிறையக் காய்ச்சல் சரியாகிவிடும், உனக்கு வந்தால் உடனே டாக்டரிடம் போவோம் என்று சொல்லுங்கள். அழுதுவிட்டு இரண்டே நிமிஷத்தில் விளையாடப் போய்விடுவாள். அண்ணன் மேல் பாசம் இல்லை என்று பாட்டி சொன்னால் நம்பாதீர்கள், பிள்ளைகளின் துக்கம் அப்படித்தான், குட்டிக் குட்டியாக வரும்.

இன்னொன்று பெற்றுக்கொள் என்பவர்களுக்கு இப்போதைக்குப் பதில் சொல்லவே வேண்டாம். ஆபரேஷனை மாற்றிச் செய்துகொள்ள வழி இருக்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மாருக்கு அரசே அதற்கு உதவியது, நாகப்பட்டினம் பக்கம் பலருக்கு அப்புறம் குழந்தை பிறந்தது. எல்லோருக்கும் பலிப்பதில்லை என்பதையும் மகப்பேறு மருத்துவர் சொல்வார். ஆசை உங்களுக்கே வந்தால் நிதானமாகப் பேசலாம். ஆனால் நம் ஊரில் அடுத்துப் பிறக்கிற பிள்ளையைத் தூக்கிவைத்துக்கொண்டு 'போனவனே திரும்ப வந்திருக்கான்' என்று கொஞ்சுகிற ஒரு பழக்கம் உண்டு. சல்வதோர் தாலி என்ற ஸ்பெயின் ஓவியருக்கு, அவர் பிறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன் இறந்த அண்ணனின் பெயரையே வைத்தார்கள், நீதான் அவன் என்று சொல்லியும் வளர்த்தார்கள், அந்த அண்ணனின் நிழல் தன்னை விடவே இல்லை என்று அவர் ஆயுள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். புதிதாக வருகிற பிள்ளை யாருடைய இடத்தையும் நிரப்ப வரக் கூடாது, பாவம்.

அடுத்த மாதத்தைப் பற்றி. திதி கிடையாது என்று அவர்கள் சொன்னது வழக்கத்தில் உள்ளதுதான், பல சமூகங்களில் சின்னப் பிள்ளைகளைப் புதைப்பார்கள், காரியம் எல்லாம் சுருக்கம். அதற்காக அந்த நாளைச் சும்மா கடந்துவிட முடியாது, நீங்கள் ஒன்றும் செய்யாவிட்டால் அந்த நாள் உங்களை ஏதாவது செய்யும். பெரும்பாலும் அந்த நாளைவிட அதற்கு முந்தைய வாரம்தான் மோசமாக இருக்கும், தூக்கம் கெடும், காரணமே இல்லாமல் எரிச்சல் வரும், முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று பள்ளித் தீயில் 94 குழந்தைகள் போனார்கள். இருபது வருடம் தாண்டியும் ஒவ்வொரு ஜூலை 16ம் அந்தப் பெற்றோர் வந்து படத்துக்குப் பூ வைத்து விளக்கேற்றுகிறார்கள். அவர்களுக்கு ஒரு நாளும் ஒரு இடமும் இருக்கிறது, சேர்ந்து அழ ஆள் இருக்கிறது, உங்களுக்கு இவற்றை நீங்களே உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அவனுக்குப் பிடித்ததைச் சமையுங்கள், அது என்ன என்று நீங்கள் எழுதவில்லை. இத்தனை மாதமும் அதைச் சமைக்காமல்தான் இருந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நாலு பேரும் உட்கார்ந்து சாப்பிடுங்கள், படத்தை வெளியே எடுத்து மாட்டுங்கள், விருப்பம் இருந்தால் அடக்கம் செய்த இடத்துக்கு இந்தத் தடவை நீங்களும் போங்கள். பெண்கள் போகக் கூடாது என்று யாராவது சொன்னால், டாக்டர் போகச் சொன்னார் என்று என் மேல் பழியைப் போடுங்கள்.

புத்தர் ஒரு தாயிடம் சாவே நடக்காத வீட்டில் இருந்து கடுகு வாங்கிவரச் சொன்ன கதையை யாராவது உங்களிடமும் சொல்லியிருப்பார்கள், 'எல்லா வீட்டிலும் சாவு உண்டு, மனசைத் தேத்திக்கோ' என்று முடிப்பதற்காக. எனக்கு அந்தக் கதையில் பிடித்தது வேறு. அவள் ஒரு நாள் முழுக்க வாசல் வாசலாகப் போய் நின்றாள், ஒவ்வொரு வீட்டிலும் அவர்கள் தங்கள் வீட்டில் போனவர்களைப் பற்றி அவளிடம் சொன்னார்கள். உங்கள் தெருவிலோ கணவரின் கடைப் பழக்கத்திலோ பிள்ளையை இழந்த இன்னொரு குடும்பம் இருக்கும், விசாரித்துப் பாருங்கள். அவர்களிடம் மட்டும் நீங்கள் எதையும் விளக்க வேண்டியிருக்காது.

மருந்து மாத்திரை பற்றி ஒரு வார்த்தை. 2022 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் 'நீடித்த துக்கம்' ஒரு நோயாக இருக்கிறது, ஆறு மாதத்துக்கு மேல் என்பது அவர்கள் கணக்கு, அமெரிக்க மனநல மருத்துவர்கள் பெரியவர்களுக்கு ஒரு வருடம் என்கிறார்கள். பிள்ளைச் சாவுக்கு மாதக் கணக்குப் பார்ப்பது எனக்கு உடன்பாடு இல்லை. மாதத்தை விடுங்கள், அன்றாடம் எழுந்து குளிக்க முடிகிறதா, மகளுக்குச் சோறு போட முடிகிறதா, ஒரு மணி நேரமாவது மனம் வேறு பக்கம் போகிறதா என்று பாருங்கள். எதற்குமே இல்லை என்று பதில் வந்தால், மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவர் இருப்பார், திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் பிரிவு உண்டு. துக்கத்துக்கு என்றே பேச்சு சிகிச்சை இருக்கிறது. மாத்திரை ஏக்கத்தைக் குறைக்காது, ஆனால் துக்கத்தோடு மனச்சோர்வு நோயும் சேர்ந்துவிட்டிருந்தால் அதற்கு உதவும். மெடிக்கலில் நீங்களாகத் தூக்க மாத்திரை மட்டும் வாங்கிவிடாதீர்கள்.

கடைசியாக அந்த டிராயிங் நோட்டு. போங்கள். இரண்டு பேருமாகப் போங்கள், பள்ளி விடுகிற நேரத்தில் மட்டும் வேண்டாம், வேன்கள் நிற்கும். பதினோரு மணி வாக்கில், வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது ஆபீஸ் அறைக்கு வாங்கி வைக்கச் சொல்லி டீச்சரிடம் முன்கூட்டியே போனில் சொல்லிவிடுங்கள். அங்கேயே பிரிக்க வேண்டாம். ஒரு நோட்டை இத்தனை மாதம் பத்திரமாக வைத்திருந்து போன் செய்கிற டீச்சருக்கும் அவனைப் பற்றிச் சொல்ல ஏதாவது இருக்கும், அந்த அம்மாளுக்கு ஐந்து நிமிஷம் கொடுங்கள். வீட்டுக்கு வந்து, மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, ஒரு நாளைக்கு ஒரு பக்கம் பார்த்தால் போதும்.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். அவன் வயது இருக்கிறது, வகுப்பு இருக்கிறது, பனியன் இருக்கிறது, அவன் பெயர் மட்டும் எங்கேயும் இல்லை. நோட்டு வாங்கி வந்த பிறகு மறுபடி எழுதுங்கள், அதில் என்ன வரைந்திருக்கிறான் என்றும், அவன் பெயர் என்ன என்றும். வெளியிட மாட்டேன், எனக்குத் தெரிந்துகொள்ளத்தான்.